பெரிய மொழி வகுப்பு: ஒவ்வொரு பிள்ளைக்கும் பேச நேரம் கிடைப்பது எப்படி?

பர்மாவின் மோல்மேன் நகரை அடுத்த ஒரு சிற்றூரின் கோயில் மண்டபத்தில், அரசுப் பள்ளிகளுக்கு விடுமுறையான மார்ச் முதல் மே வரை, காலைதோறும் ஒன்றரை மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு பாயில் வந்து அமர்ந்தவர்கள் 60 பிள்ளைகள். அவர்களில் மிகச் சிறியவளுக்கு ஆறு வயது. மிகப் பெரியவனுக்குப் பதினாறு. கரும்பலகை ஒன்று, ஆசிரியர் ஒருவர். 1965-இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையாக்கப்பட்ட பிறகு பர்மாத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்பது பெரும்பாலும் இத்தகைய மண்டபங்களில்தான். இப்படியொரு வகுப்பைப் புதிதாக ஏற்றுக்கொள்ளும் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: இத்தனை பேரை ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பது? அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்பது நாம் எல்லாரும் அறிந்த வாக்கு. பெரிய மொழி வகுப்பின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது. வரலாறோ புவியியலோ சொல்லித்தரும்போது, கேட்பவர் 20 பேராக இருந்தாலும் 200 பேராக இருந்தாலும், ஆசிரியரின் குரல் எட்டுகிறவரை பாடம் போய்ச் சேரும். மொழியோ, பயில்பவர் தாமே வாய் திறந்து, தவறாகச் சொல்லி, திருத்திச் சொல்லி, மீண்டும் மீண்டும் சொல்லிப் பழகினால்தான் வரும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நிமிடம் நாப்பழக்கம் கிடைக்கிறது என்பதே மொழி வகுப்பின் முதல் கணக்கு. 90 நிமிட வகுப்பில் 30 நிமிடத்தை ஆசிரியர் எடுத்துக்கொண்டு, மீதி 60 நிமிடத்தில் 60 பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக எழுப்பிப் பேசச் சொன்னால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 1 நிமிடம். அதற்காக அந்தப் பிள்ளை 59 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதே பிள்ளைகளை 30 இணைகளாக அமர்த்தி 10 நிமிடம் பேச விட்டாலோ, ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 5 நிமிடம் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறையவில்லை, ஆசிரியர் எண்ணிக்கையும் கூடவில்லை. நேரத்தைப் பங்கிட்ட முறை மட்டுமே மாறியிருக்கிறது.

எத்தனை பேர் இருந்தால் அது பெரிய வகுப்பு என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், நெருக்கியடித்து அமர்ந்த 30 பேருக்கு மேற்பட்ட வகுப்பையே இடர்மிக்க சூழல் என்று கணக்கிட்டார். நம் மண்டபங்களில் 30 பேர் என்றால் அன்று வருகை குறைவு என்று பொருள். என் அளவுகோல் வேறு: ஒரு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனியாக ஒரு முறையாவது ஆசிரியரால் கேட்க முடியவில்லை என்றால், அது 25 பேர் வகுப்பாக இருந்தாலும் பெரிய வகுப்புதான்.

முதல் ஆண்டில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்று, ஒரே குரலில் "மிங்கலாபா சயாமா" என்று ஆசிரியையை வணங்கியே வளர்ந்தவர்கள். கூட்டமாகச் சொல்லச் சொன்னால் மண்டபமே அதிரும்படி சொல்வார்கள். நானும் அந்த முழக்கத்தில் மகிழ்ந்து, நான் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்ல என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். கடைசி வாரத்தில், முன்வரிசையில் அமர்ந்து பத்துக் குறள்களைத் தடங்கலின்றி ஒப்பித்த ஒரு சிறுமியிடம், "உங்க வீட்டில எத்தனை பேரும்மா?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவளிடம் குறை எதுவும் இல்லை. அதுபோன்ற கேள்விக்கு விடை சொல்லும் வாய்ப்பை அந்த இரண்டு மாதத்தில் ஒருநாளும் நான் அவளுக்குத் தந்திருக்கவில்லை.

கூட்டாகச் சொல்லுதல் வேண்டாத வழக்கம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புதிய ஒலியை நாவுக்குப் பழக்கவும், பாட்டின் சந்தத்தைக் காதில் பதிய வைக்கவும், கூச்சமுள்ள பிள்ளை கூட்டத்தின் மறைவில் முதன்முதலாக வாய் திறக்கவும் அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்த மறைவே அதன் குறையும் ஆகிவிடுகிறது. 60 பேர் சேர்ந்து சொல்லும்போது 15 பேர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாலும் ஆசிரியருக்குத் தெரியாது. எனவே கூட்டுக்குரலைப் படிப்படியாகச் சிறிதாக்கிக்கொண்டே வர வேண்டும். முதலில் எல்லாரும், அடுத்து இடப்பக்கத்தார் மட்டும், பிறகு ஒரு வரிசை, பிறகு நால்வர், கடைசியாக ஒருவர் என்று வந்தால், தனியாகச் சொல்லும் நிலையை அச்சமில்லாமல் எட்டிவிடலாம். இதற்கு மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் நீட்டினால் வாய் மட்டும் இயங்கும், மனம் வெளியே போய்விடும்.

இனி, இந்த முறையின் உயிர்நாடியான இணைப் பேச்சுக்கு வருவோம். பாயில் அமர்வது இதற்கு ஒரு வசதி. பெஞ்சும் மேசையும் உள்ள வகுப்பில் திரும்பி உட்காருவதற்கே கால்மணி நேரம் ஆகும்; பாயில் இருப்பவர்கள் நொடியில் முகத்துக்கு முகம் திரும்பிவிடுவார்கள். ஆனால் "பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் எதுவும் நடக்காது. பேசுவதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்த செய்தி மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் அந்தத் தேவை பிறக்கும். மொழி ஆசிரியர்கள் இதைத் தகவல் இடைவெளி என்பார்கள். அச்சிட்ட படங்களோ நகலெடுக்கும் செலவோ இல்லாமல் அந்த இடைவெளியை உண்டாக்க நான் கையாளும் வழி எளியது. இணையில் ஒருவர் கரும்பலகையைப் பார்த்தும், மற்றவர் அதற்கு முதுகைக் காட்டியும் அமர்வார்கள். நான் பலகையில் ஓர் அடுக்களையை வரைவேன்: மேசை, மேசை மேல் இரண்டு தம்ளர், மேசைக்கு அடியில் பூனை, சன்னலுக்குப் பக்கத்தில் குடம். பார்ப்பவர் சொல்லச் சொல்ல, பாராதவர் தம் சிலேட்டில் வரைய வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி இரண்டு படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பூனை மேசை மேல் ஏறியிருந்தால், மேல், கீழ் என்ற சொற்களைச் சொன்னவரோ கேட்டவரோ தவறவிட்டிருக்கிறார் என்பது நான் சொல்லாமலே அவர்களுக்கு விளங்கிவிடும். பிறகு இடம் மாறி, வேறு படம்.

இந்தப் பயிற்சியை விளக்கிச் சொல்லி ஆரம்பிக்கக் கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெரிய வகுப்பில் வாய்மொழிக் கட்டளை பாதி வழியிலேயே சிதறிவிடும். முன்வரிசைக்கு ஒன்று கேட்கும், பின்வரிசைக்கு இன்னொன்று கேட்கும். இரண்டு பிள்ளைகளை முன்னே அழைத்து, எல்லாரும் பார்க்க ஒரு முறை செய்து காட்டச் சொன்னால், ஒரு சொல்லும் விளக்காமலே 60 பேருக்கும் புரிந்துவிடும். செய்து காட்ட ஆகும் இரண்டு நிமிடம், பின்னால் ஒவ்வோர் இணையிடமும் போய்த் திருத்தும் இருபது நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

இணைகளாக விட்டவுடன் பிள்ளைகள் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவார்களே என்ற கவலை எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டு. தாவத்தான் செய்வார்கள், வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் அவர்கள் பேசும் மொழி அது. அதைத் தண்டனையால் நிறுத்த முயல்வது எனக்கு உடன்பாடன்று. ஒரு பிள்ளை எதற்காகத் தாவுகிறது என்று காது கொடுத்துக் கேட்டால், பெரும்பாலும் "என்னது?", "மறுபடி சொல்லு", "எந்தப் பக்கம்?" போன்ற சின்னஞ்சிறு தேவைகளுக்காகவே தாவுவது தெரியவரும். அந்தத் தேவைகளுக்கான ஐந்தாறு தமிழ்த் தொடர்களைப் பெரிய தாளில் எழுதித் தூணில் ஒட்டி, முதல் வாரத்திலேயே கூட்டாகச் சொல்லிப் பழக்கிவிட்டேன். பேச்சு முட்டும்போது அவர்கள் கண் தூணுக்குப் போகும், நாவு தமிழிலேயே தொடரும். பயிற்சி என்னவென்று பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் பர்மிய மொழியில் சொல்லிக்கொடுத்தால் நான் தடுப்பதில்லை.

முப்பது இணைகள் ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் எழும். ஒருநாள் கோயில் தர்மகர்த்தா வாசலில் நின்று, "என்னம்மா, ஒரே சத்தமா இருக்கு. பாடம் நடக்குதா, விளையாட்டு நடக்குதா?" என்றார். "கொஞ்சம் உள்ளே வந்து உட்கார்ந்து கேளுங்க ஐயா" என்றேன். அவர் இரண்டு சிறுவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து சிறிது நேரம் கேட்டார். எழுந்து போகும்போது, "நம்ம தமிழ்லதான் பேசிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார். வேலைச் சத்தத்துக்கும் வீண் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காது விரைவில் கற்றுக்கொள்ளும். வேலைச் சத்தம் மண்டபம் முழுவதும் ஒரே மட்டத்தில் இரையும். வீண் சத்தம் ஒரு மூலையில் சிரிப்பாக எழும்பி அடங்கும். அந்த மூலைக்கு நடந்து போய் நின்றாலே போதும். எல்லாரையும் நிறுத்த வேண்டியபோது குரலை உயர்த்துவது வீண். ஆசிரியரின் தொண்டைதான் கட்டும். நான் "தக திமி" என்ற அளவில் கைதட்டுவேன். கேட்டவர்கள் அதே அளவில் திருப்பித் தட்ட வேண்டும். இரண்டாம் தட்டலில் பாதிப் பேரும், மூன்றாம் தட்டலில் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள், மண்டபம் அடங்கிவிடும். கோயில் மணியை இதற்குப் பயன்படுத்துவதில்லை. அது பூசைக்கு உரியது.

பெரிய வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளையின் விடையையும் ஒரே நொடியில் பார்க்க முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதற்கு விரல்களும் சிலேட்டும் போதும். பலகையில் "நான், நாள், நாய்" என்று எழுதி 1, 2, 3 என்று எண்ணிட்டு, மூன்றில் ஒன்றை நான் சொல்வேன். பிள்ளைகள் அதன் எண்ணை விரலால் நெஞ்சுக்கு நேரே காட்ட வேண்டும். 60 கைகளையும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். முதன்முறை செய்தபோது பாதிக் கைகள் தவறாக நின்றன. அதற்கான காரணத்தைத் தேடியபோதுதான் பர்மிய மொழியின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தேன்.

பர்மியச் சொல்லசை வாய்திறந்த உயிரொலியில் முடியும். இல்லையென்றால் தொண்டையை டக்கென்று அடைக்கும் ஒலியிலோ மூக்கொலியிலோ முடியும். ல், ள், ழ், ர் போன்ற மெய்கள் அசையின் ஈற்றில் ஒலிப்பதில்லை. எனவே பர்மிய மொழியில் ஊறிய காதுக்கு "நாள்" என்பது "நா" என்றே கேட்கும், நாவும் அப்படியே சொல்லும். இதில் எழுத்தும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. நம் புள்ளியைப் போலவே பர்மிய எழுத்திலும் மெய்யின் தலையில் இடும் ஒரு குறி உண்டு, அதத் என்பார்கள். அந்தக் குறி ஏறிய மெய்யைத் தன் ஒலியில் படிக்காமல் அசையை அடைக்கும் அடையாளமாகவே பிள்ளைகள் பள்ளியில் படித்திருக்கிறார்கள். தமிழில் புள்ளியைக் கண்டதும் அதே பழக்கத்தில் தொண்டையை அடைத்துவிடுகிறார்கள். "ஏன் கடைசி எழுத்தை விழுங்குகிறாய்?" என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளை, தான் நன்றாகக் கற்ற ஒன்றையே செய்துகொண்டிருக்கிறது. "தமிழில் புள்ளி வைத்த எழுத்தும் ஒலிக்கும்" என்று ஒரு முறை ஒப்பிட்டுக் காட்டிவிட்டு, பால், கால், நாள், தமிழ் என்று ஈற்றெழுத்தை நீட்டிச் சொல்லும் பயிற்சியை இரண்டு வாரம் நடத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். ரகரமும் அப்படியே. பர்மியப் பேச்சில் பழைய ரகரம் பெரும்பாலும் யகரமாகிவிட்டது. ரங்கூன் யாங்கோன் ஆனதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டினால், தங்கள் நாவு ஏன் "மரம்" என்பதை "மயம்" ஆக்குகிறது என்று அவர்களுக்கே விளங்கும்.

பர்மிய மொழி கைகொடுக்கும் இடங்களும் பல. "கொ" என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க, ஒலி மட்டும் பின்னால் வருவது மற்ற நாட்டுப் பிள்ளைகளைத் திகைக்க வைக்கும். பர்மிய எழுத்திலும் எகர ஒலிக்குறி மெய்க்கு இடப்பக்கம்தான் நிற்கும். ஓகாரம் போன்ற ஒலிக்கு இரு பக்கமும் குறி வரும். எனவே எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் பாடம். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும், வேற்றுமைப் பொருளைத் தரும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் இரு மொழிக்கும் பொது. சிறிய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் இடறலையும் தனித்தனியே பார்த்துத் திருத்தலாம். பெரிய வகுப்பில் எல்லாரும் பொதுவாக இடறும் மூன்று நான்கு இடங்களை முன்கூட்டியே அறிந்துகொண்டு, இருக்கும் நேரத்தை அங்கே செலவிட வேண்டும். அதனால்தான் பிள்ளைகளின் மற்ற மொழியை ஆசிரியர் அறிந்திருப்பது பெரிய வகுப்பில் இன்றியமையாதது என்கிறேன்.

அந்த நான்கு இடங்களில் ஒன்று வினைமுற்று. பர்மிய மொழியில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் வினையின் வடிவம் மாறாது. தமிழில் ஆளுக்கு ஆள் விகுதி மாறும். இதை இலக்கணமாக விளக்கினால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டாது. பலகையில் மூன்று பத்திகள் எழுதுவேன்: முதலில் நான், நீ, அவன், அவள், நாங்கள், அவர்கள், நடுவில் சந்தைக்கு, கோயிலுக்கு, ஆற்றுக்கு, மூன்றாவதில் போனேன், போனாய், போனான், போனாள், போனோம், போனார்கள். இணையில் ஒருவர் முதற்பத்தியிலும் நடுப்பத்தியிலும் ஒவ்வொரு சொல்லைச் சொல்ல, மற்றவர் பொருத்தமான வினையைச் சொல்லி முடிப்பார். பலகையில் இருப்பவை 15 சொற்களே ஆனாலும் அவற்றிலிருந்து 18 வாக்கியங்கள் பிறக்கும். நாள்கள் செல்லச் செல்ல மூன்றாம் பத்தியிலிருந்து ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே வருவேன். பத்தி முழுவதும் அழிந்த பிறகும் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தால், விகுதிகள் மனத்தில் நின்றுவிட்டன என்று கொள்ளலாம்.

வயதும் தரமும் கலந்திருப்பதுதான் எங்கள் மண்டபங்களின் பெருஞ்சிக்கல். மூன்று தரத்துக்கு மூன்று பாடம் தயாரிக்க முயன்றால் ஆசிரியர் ஒரு மாதத்தில் ஓய்ந்துபோவார். ஒரே பாடத்தில் மூன்று படிகள் வைப்பதே ஆகக்கூடிய வழி. பலகையில் உள்ள அதே அடுக்களைப் படத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பொருள்களின் பெயரைச் சொல்வார்கள். நடுத்தரத்தார் எது எங்கே இருக்கிறது என்று வாக்கியமாகச் சொல்வார்கள். பெரியவர்கள் அந்த வீட்டில் அன்று காலை என்ன நடந்திருக்கும் என்று எழுதுவார்கள்.

இங்கே உதவிக்கு வருபவர் நம் பழைய சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக நின்று, மற்ற மாணவர்களுக்குப் பாடம் கேட்டு, எழுத்தைத் திருத்திய மூத்த மாணவருக்கு அந்தப் பெயர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். தேர்ந்த மாணவரைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். 1797-இல் அவர் அதை லண்டனில் அச்சிட்டு வெளியிட்டபின், ஜோசப் லங்காஸ்டர் என்பவர் நடத்திய இதே போன்ற முறையோடு சேர்ந்து, அது உலகின் பல நாடுகளுக்கும் மதராஸ் முறை என்ற பெயரில் பரவியது. பெல் பிறந்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் மதராஸ் கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. பெரிய வகுப்பைக் கண்டு மலைத்து நிற்கும் தமிழாசிரியர்களுக்கு இந்த வரலாற்றை நான் விருப்பத்தோடு சொல்வதுண்டு.

ஆனால் சட்டாம்பிள்ளையிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லுதல், சொல்லெழுத்துப் போடுதல், சிலேட்டைப் பார்த்துச் சரி தவறு சொல்லுதல், வராதவர் பெயரைக் குறித்தல் ஆகியவற்றை ஒப்படைக்கலாம். புதிய பாடத்தை முதன்முதலாகக் கற்பிப்பதும் தண்டிப்பதும் ஆசிரியரைச் சேர்ந்தவை. பழைய சட்டாம்பிள்ளைகளின் கையில் பிரம்பு இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. அதோடு, பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடக் கூடாது. நான் பத்துப் பேருக்கு ஒருவர் என்று ஆறு பேரை வைத்து, பத்து நாளுக்கு ஒரு முறை மாற்றுவேன். தமிழில் பின்தங்கியிருந்த ஒரு பையனுக்கு அகரவரிசை அட்டையைக் கொடுத்துச் சின்னப் பிள்ளைகள் குழுவைக் கவனிக்கச் சொன்னபோது, மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டுமே என்று அவன் வீட்டில் படித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. பெயரை முதலில் சொல்லி, "கண்ணம்மா, இது என்ன?" என்று கேட்டால், அந்த நொடியே மற்ற 59 பேரும் சிந்திப்பதை விட்டுவிடுவார்கள். கேள்வியை எல்லாருக்கும் பொதுவாகக் கேட்டு, சிறிது காத்திருந்து, பிறகு பெயரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஏறக்குறைய ஒரு விநாடியே காத்திருப்பதையும், அதை மூன்று விநாடியாக நீட்டினால் விடைகள் நீண்டு, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குவதையும் கண்டார். அயல்மொழியில் விடை தேடும் பிள்ளைக்கு மூன்று விநாடியும் போதாது. நான் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். பர்மாவில் இன்னொன்றையும் கருதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறருக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று தன்னை அடக்கிக்கொள்ளும் நயமான கூச்சத்தை இங்கே ஆனாடே என்பார்கள். பாடம் புரியாத பிள்ளை அந்தக் கூச்சத்தினாலேயே கை தூக்காது. "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்ற கேள்விக்கு இங்கே விடை அமைதியாகவே இருக்கும். சந்தேகத்தை இணையிடம் சொல்லி, இருவரும் சேர்ந்து சிலேட்டில் எழுதிக் காட்டச் சொன்னால் எழுதிவிடுவார்கள்.

பெயர்களை அறிவதற்கு நான் முதல் வாரத்தையே ஒதுக்குகிறேன். எங்கள் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர் என்று இரண்டு உண்டு. எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார்கள் என்று கேட்டு, அதை அட்டையில் தமிழில் எழுதி எதிரே வைக்கச் சொல்கிறேன். பலருக்கும் தம் பெயரைத் தமிழ் எழுத்தில் காண்பது அதுவே முதன்முறை. அமரும் இடத்தை மாற்றாமல் இருந்தால் ஏழு எட்டு நாளில் 60 பெயர்களும் மனத்தில் நின்றுவிடும். பெயர் தெரிந்த பிள்ளையை அடக்க அதட்டல் தேவைப்படுவதில்லை.

நோட்டுத் திருத்தம் ஆசிரியரின் இரவைத் தின்றுவிடும் வேலை. ஒரு நாளைக்குப் பத்து நோட்டு, ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழை என்று வரையறுத்துக்கொண்டேன். இந்த வாரம் ஈற்று மெய் என்றால் அதை மட்டும் சுழிப்பேன். மற்றவற்றை இணைகள் மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

மே மாதத்தின் பிற்பாதியில் மழை இறங்கிவிட்டால், எங்கள் தகரக் கூரையின் கீழ் ஆசிரியரின் குரல் இரண்டாம் வரிசைக்குக்கூடக் கேட்காது. அந்த நாள்களுக்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். மண்டபத்துத் தூண்களில் தூணுக்கொரு பத்தியாக எழுதி ஒட்டிவிடுவேன். இணையில் ஒருவர் தூணுக்குப் போய் ஒரு வரியைப் படித்து மனத்தில் வாங்கி வந்து, துணைவரின் காதருகே சொல்ல வேண்டும். அவர் எழுத வேண்டும். பாதிப் பத்தி முடிந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். படித்தல், நினைவில் வைத்தல், சொல்லுதல், கேட்டல், எழுதுதல் ஆகிய ஐந்தும் அந்த மழைச் சத்தத்துக்குள்ளேயே நடக்கும்.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு மூலையில் அமர்ந்து, ஐந்து பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக அழைத்து, ஒவ்வொருவரோடும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசுகிறேன். மழை இல்லாத நாளில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்வேன். வீட்டைப் பற்றி, சாப்பிட்டதைப் பற்றி, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவைப் பற்றி எதையாவது கேட்பேன். ஈற்று மெய் ஒலிக்கிறதா, விகுதி பொருந்துகிறதா, கேள்வி விளங்குகிறதா என்று மூன்றை மட்டும் ஒரு நீண்ட நோட்டில் குறித்துக்கொள்வேன். நாளைக்கு ஐந்து பேர் என்றால் 12 நாளில் 60 பேரும் முடிந்துவிடுவார்கள்; பதின்மூன்றாம் நாள் முதற்பெயரிலிருந்து மீண்டும் தொடங்குவேன். முதல் ஆண்டில் குறளை ஒப்பித்துவிட்டுக் கேள்விக்கு விழித்த அந்தச் சிறுமி அடுத்த ஆண்டும் வந்தாள். மூன்றாம் சுற்றில் அவள் முறை வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பாக அவளே, "சயாமா, உங்க வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே மூன்று குறியும் இட்டேன்.